ஒத்தக்கடை போகும் வழியில், இரண்டு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி.
மாட்டுத்தாவணியில் மேலூர் வண்டிகள் நிற்கிற இடத்தில்
ஒரு மேசை, ஒரு மஞ்சள் பேனர்,
என் தோளில் நீலப் பெட்டி.
பெட்டிக்குள் நாலு பனிக்கட்டிப் பை,
நடுவில் கட்டைவிரல் உயரக் குப்பிகள்.

மற்ற நாளில் நான் ஜெராக்ஸ் கடையில் நிற்பவள்.
பட்டா, டிசி, சாதிச் சான்றிதழ்
எல்லாம் என் கையில் இரண்டிரண்டாகும்.
இன்றைக்குச் சொட்டு மட்டும்,
வாய்க்கு இரண்டு.

சகாயமேரி டீச்சர் கீழே நின்று பிள்ளை பிடிப்பார்.
நான் வண்டிக்குள் ஏறுவேன்.
"அஞ்சு வயசுக்குள்ள யாரும் இருக்கா?"
கூவிக் கூவி என் குரல்
வெள்ளரிப்பிஞ்சு விற்கிற குரலாகிவிட்டது.
ஒருவர் பத்து ரூபாயை நீட்டினார்.

மூன்றாவது சீட்டில் ஒரு பிள்ளை,
அப்பா தோளில் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டு.
"இப்பத்தான் கண்ணசந்தான்.
எழுப்பிவிட்டுட்டு நீங்க எறங்கிருவீக.
மேலூர் வரைக்கும் அந்தக் கச்சேரிய யாரு கேக்குறது?"
நியாயம்தான்.
நியாயத்தை நான் யோசித்து முடிப்பதற்குள்
நடத்துநர் விசிலை ஊதிவிட்டார்.

சன்னலுக்கு வெளியே
கையை ஆட்டிக்கொண்டே சின்னதாகிப் போனார் டீச்சர்.

இறங்கியிருக்கலாம். சிக்னலில் நின்றது வண்டி.
எதற்கு உட்கார்ந்தேன் என்று
இப்போது கேட்டாலும் தெரியாது.
பெட்டியை வெயில் படாத பக்கம் திருப்பி
மடியில் வைத்துக்கொண்டேன்.
உத்தங்குடி வேகத்தடையில்
வண்டி ஒருமுறை குதித்தது.
பிள்ளை விழித்தான்.
அழுவதற்குத் திறந்தான் பாருங்கள் வாயை,
அதற்குள் ஒன்று, இரண்டு.
அழுகை பாதியில் நின்று
என்ன ருசி என்று யோசித்தது.
சுண்டுவிரலில் மை வைத்தேன்.
நகத்தில் தொடங்கிய கோடு மணிக்கட்டில் போய் முடிந்தது.

அப்போதுதான் கடைசி சீட்டைக் கவனித்தேன்.
ஒரு சாக்கு மூட்டை, ஒரு இரும்புச் சட்டி,
அவற்றுக்குப் பின்னால் ஒரு பெண்,
அவள் முக்காட்டுக்குள் இரண்டு கண்கள்.
அவள் பேசியது எந்த ஊர்ப் பேச்சோ.
எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில்
இடது சுண்டுவிரலை உயர்த்திக் காட்டினேன்.
"ஒத்தக்கடையிலதாம்மா நிக்கும்,
அஞ்சு நிமிசம் அடக்கிக்க" என்றார் நடத்துநர்.
வண்டியே சிரித்தது.
என்ன புரிந்ததோ, அவளும் சிரித்து
முக்காட்டை விலக்கினாள்.

பிள்ளையின் சுண்டுவிரல் நகத்தில்
ஏற்கனவே ஒரு கறை.
வளர்ந்த நகம் அதை நுனிக்குத் தள்ளியிருந்தது,
வெட்டினால் போய்விடும் அளவுக்கு.
எந்த ஸ்டேஷனிலோ, எந்த மாதமோ,
என்னை மாதிரி ஒருத்தி
ஓடும் வண்டியைப் பார்த்துக்கொண்டே வைத்திருப்பாள்.
அதற்குக் கீழே
நான் என்னுடையதை வைத்தேன்.

ஒத்தக்கடையில் இறங்கினேன்.
டிக்கெட் கேட்கவில்லை அவர்.
யானைமலை பாட்டுக்கு வெயிலில் படுத்துக் கிடந்தது.
நிழல் தேடி நின்று குப்பியை எடுத்துப் பார்த்தேன்.
மேலே ஒரு வட்டம், வட்டத்துக்குள் சதுரம்.
சதுரம் கறுத்தால் மருந்து வீண்.
வெள்ளையாகத்தான் இருந்தது.
அப்புறம்தான் தண்ணீர் குடித்தேன்.

சாயங்காலம் சூப்பர்வைசர் இருளாண்டி சார்
தாளை மேலும் கீழும் பார்த்தார்.
"இந்த ரெண்டு எந்த பூத்துக் கணக்கு?
ஒத்தக்கடைக்கு வேற டீம்ல இருக்கு?"
"வழியில சார்."
"வழிக்குக் கட்டம் இல்லையேம்மா."
பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தார்.
கடைசியில் இரண்டு வரிசைக்கு நடுவே
அச்சடித்த கோட்டின் மேலேயே எழுதினார்:
2.

மறுநாள் கடைக்கு அந்தத் தாளே வந்தது,
அலுவலகத்துக்கு ஒரு நகல் வேண்டுமென்று.
கோட்டின் மேலிருந்த எண்
நகலில் சரியாக விழவில்லை.
இன்னொரு முறை எடுத்தேன்,
கொஞ்சம் கருப்பைக் கூட்டி.