பதினான்கு அங்குலத்துக்கு ஒரு சுற்று

மே மாதம், மூன்றாவது வாரம்.
தெற்கு டகோட்டாவில், கிராண்ட் ஆற்றுக்கு வடக்கே
புல் இன்னும் கணுக்காலைத் தாண்டவில்லை.
மார்லிஸ் ட்வெட்
சாப்பாட்டு மேசையில் கிடந்த பில்களை ஒதுக்கிவிட்டுத்
தராசை வைக்கிறாள்.

ஒரு பெட்டியில் நாற்பது கிரெயின் குண்டுகள்.
குன்றிமணி போட்டு நிறுத்தால்
ஒன்று இருபத்திரண்டுக்கு வரும்.
மற்றதில் அறுபத்தொன்பது.
நீள உடம்பு, கூர்மூக்கு,
கல்யாணத்துக்குப் புறப்பட்ட மினுக்கு.
கொண்டுவந்து வைத்தவன் பக்கத்துப் பண்ணை ஆரின் கெஸ்லர்.
“நம்ம காத்துக்கு இலேசானது எடுபடாது.
கனம் இருந்தாத்தான் காத்து மரியாதை குடுக்கும்”
என்று தொப்பையைத் தட்டிக்கொண்டான்.

அவளுக்குத் தெரியாததில்லை.
இலேசான குண்டு முதல் இருநூறு கஜம்
கடன்காரனைக் கண்டவன்போல் ஓடும்.
அப்புறம் காற்று
அதன் சட்டையைப் பிடித்துக்கொள்ளும்.
கனத்தது நிதானமாகப் புறப்படும்,
வழியில் எதையும் ஊதாரித்தனமாக இறைக்காது,
முந்நூற்றைம்பது கஜத்திலும்
கையிருப்பு வைத்திருக்கும்.

ஆனால் இலேசானதிடம் ஒரு குணம்:
மண்ணைத் தொட்டதும் பொடியாகிவிடும்.
கனத்தது கல்லில் பட்டால் எகிறலாம்.
எகிறியது எங்கே போகும் என்று
சுட்டவளுக்கும் தெரியாது.
வளைகளுக்கு அப்பால் நாற்பது கிடாரிகள்.
அதற்கும் அப்பால்
பள்ளிப் பேருந்து வரும் சரளைச் சாலை.

மார்ச்சில் ஒரு கிடாரி
வளைக்குள் கால் விட்டு முறித்துக்கொண்டது.
அன்றைக்கு வேண்டியிருந்த குண்டைப் பற்றி
அவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கொட்டகைக்குப் பின்னால்,
தீவனப் பெட்டியின் அட்டையை மாட்டி
நூறு கஜத்தில் ஆரின் ஐந்து சுட்டான்.
நான்கு அட்டையில் விழுந்தன.
ஒன்று வானத்துக்குக் கொடுத்த நன்கொடை.
நடந்துபோய்ப் பார்த்தால்
ஒரு துளைகூட வட்டமாக இல்லை.
பழைய பூட்டின் சாவித்துவாரம்போல்
நீளவாக்கில் கிழிந்திருந்தது அட்டை.
குண்டு மூக்கால் போகவில்லை,
விலாவால் போயிருக்கிறது.

ஆரின் முதலில் தொலைநோக்கியைத் திட்டினான்.
பிறகு வெடிமருந்தை,
பிறகு பெஞ்சின் ஆடும் காலை.

மார்லிஸ் துடைப்புக் கம்பியை எடுத்து
இறுக்கமாய்த் துணி சுற்றிக்
குழலுக்குள் மெல்லத் தள்ளினாள்.
கம்பியின் மேல் ஒட்டிய நாடா
மரையின் வழியே திரும்பித் திரும்பி
மறுபடி மேலே வந்து நின்றபோது
டேப்பை வைத்து அளந்தாள்.
பதினான்கு அங்குலம்.
ஒரு சுற்று.
நீளக் குண்டுக்கு இது பாதி தூக்கம்.
சாட்டை போதாத பம்பரம்
தலையைச் சாய்க்காமல் என்ன செய்யும்?

இரண்டு வாரம் வாதாடியிருக்கிறார்கள்,
காற்றைச் சாட்சிக்கு அழைத்து, கல்லை அழைத்து.
துப்பாக்கியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
ஆரின் பெட்டியை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
பை ஒரு பக்கமாக இழுத்தது.

செவ்வாய், விடிந்தும் விடியாததுமாய்
இருவரும் மேட்டில் குப்புறக் கிடக்கிறார்கள்.
வேலிக்கம்பியில் ஆரஞ்சு ரிப்பன்.
இருநூற்று எண்பது கஜத்தில்
புல்வெளி நாய் ஒன்று எழுந்து நிற்கிறது
(நாயுமில்லை ஒன்றுமில்லை, அணிலுக்கு உறவு,
குரைப்பை மட்டும் எங்கிருந்தோ இரவல் வாங்கியது).
மூச்சைப் பாதியில் நிறுத்திச் சுட்டாள்.

ஒரு சாண் கிழக்கே தூசி.
அது திரும்பித் தூசியைப் பார்த்தது,
வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பார்ப்பதுபோல்.
பார்த்துவிட்டு மறுபடி நிமிர்ந்தது.

ஆரின் வாயைத் திறந்தான்.
“தெரியும்” என்றாள்.

ரிப்பன் மேற்கிலிருந்து விறைத்து நின்றது.
போல்ட்டை இழுத்தாள்.
சூடான தோட்டா உறை புல்லில் விழுந்தது.
அடுத்ததை வைத்தாள், மூடவில்லை.
புல் சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்தது.
ஆரின் சட்டைப்பையில்
பெட்டி ஒருமுறை குலுங்கியது.

ரிப்பன் தொங்கியது.
மூடினாள்.