வெற்று மாதிரி

காலையில் முதலில் அளப்பது
ஒன்றுமில்லாததை.
நைத்திரிக் அமிலம், மும்முறை வடித்த தண்ணீர்.
அரிசி இல்லை, சூரை மீன் இல்லை,
யாருடைய இரத்தமும் இல்லை.
அது சுத்தமாக இருந்தால்தான்
மற்றவற்றின் அழுக்கை நம்பலாம்.

திங்கட்கிழமை வெற்றுக்குள் ஈயம் இருந்தது.
இருநூற்றெட்டில் ஒரு கூர் எழும்பி நின்றது,
எனக்கு ஏறத் தேவையில்லாத பஸ்ஸின் இலக்கம் மாதிரி.

அமிலப் போத்தலை மாற்றினேன்.
கிண்ணங்களை ஓரிரவு ஊறவைத்தேன்.
நாரஹேன்பிட்டிப் புழுதியைச் சந்தேகித்து
யன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டினார் பியதிலக.
ரயில் போகும்போது தராசு நடுங்கும், அதையும் எழுதிவைத்தேன்.
ஈயத்துக்கும் நடுக்கத்துக்கும் சம்பந்தமில்லை;
பிடிபடாத நாட்களில் எல்லாவற்றையும் எழுதுவோம்.
கையுறை மாவில் நாகம் அகப்பட்டது.
"அது உடம்புக்கு வேண்டியதுதானே" என்றார்.
வேண்டியதும் இங்கே அழுக்குத்தான் என்றேன்.

குளிர்ப்பெட்டியில் பதினான்கு குழாய்கள்,
மட்டக்குளிப் பிள்ளைகள், ஊதா மூடிகள்.
ஒன்பதாம் குழாயின் உம்மா
தினமும் பத்தரைக்கு அழைப்பா.
"மிஸ், மகனுக்கு ஒண்டுமில்லத்தானே?"
ஒன்றுமில்லாததே இன்னும் சரிவரவில்லை
என்று எப்படிச் சொல்வது?
நாளைக்கு என்றேன்.
நான்கு தடவை நாளைக்கு.

வெள்ளிக்கிழமை ஏசி பழுது.
புகைக்கூண்டின் கண்ணாடியில் குனிந்த என் முகம்;
வியர்வையில் குங்குமம் இளகி
மூக்குவரை வந்திருந்தது.
செட்டியார் தெருவில் வாங்கிய டப்பா.
ஊசிமுனையளவு கரைத்து ஓடவிட்டேன்.
திரை போதவில்லை.
பியதிலக வாய் திறக்காமல்
டிஷு பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

நெற்றியைக் கழுவிவிட்டு வெற்றை மறுபடி ஓட்டினேன்.
கண்டறியும் எல்லைக்குக் கீழே.
பூச்சியம் என்று எழுத எங்களுக்கு அனுமதியில்லை.
இல்லை என்பதை
எந்தக் கருவியும் இதுவரை பார்த்ததில்லை.

பிறகு பிள்ளைகள்.
சூரியனின் தோலைவிடச் சுடும் ஆகன் சுவாலைக்குள்
ஒரு சொட்டு போகிறது;
பெயர் கழன்று, ஒழுங்கை இலக்கம் கழன்று,
நிறை நிறையாகப் பிரிந்து வெளியே வருகிறது.

ஒன்பதில் இரும்பு குறைவு.
உடம்பில் இரும்பு நுழையும் வாசல் ஒன்று உண்டு.
பட்டினி கிடந்தால் அந்த வாசல்
வருவது யாரென்று முகம் பார்ப்பதில்லை.
வாப்பா பின்வளவில் பழைய பெற்றரி உருக்குகிறவராம்.
மகன் கீரையைத் தள்ளிவிட்டு விரல் சூப்புவானாம்.
அவ சிரித்துக்கொண்டே சொன்னது, புதன்கிழமை.

மூன்று முறை ஓட்டினேன்.
மூன்றும் அச்சொட்டாக ஒத்துப்போயின.
இந்த வேலைக்கு வந்து பதினொரு வருடத்தில்
பிழை என்னுடையதாக இருக்கக்கூடாதா என்று
முதல் தடவை நினைத்தேன்,
நெற்றியை இன்னொரு முறை தடவிப் பார்த்தேன்.

வெள்ளவத்தைக்கு நூற்றி நாற்பத்தொன்றில்
பக்கத்து சீட் மனிசி
என் வெறும் நெற்றியைப் பார்த்தா,
தாலிக்கொடியைப் பார்த்தா,
திரும்பவும் நெற்றியை.
கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளியிருந்து இடம் தந்தா.

திங்கள் பத்தரைக்கு ஃபோன் அடிக்கும்.
என்னிடம் இருப்பது ஓர் எண்,
கூட்டியோ கழித்தோ ஒன்று தசம் இரண்டு.
அவ கேட்பது
வேறு அலகில்.