நகர்ந்து உட்கார்

புந்தா அரேனாஸில் காற்று கதவைத் தட்டாது,
இழுத்துத் திறந்துகொண்டு வரும்.
அப்படித்தான் வந்தாள் எதுவிஹிஸ் ஒயார்சோ,
நண்டு ஆலையில் கால் உடைப்பவள்.
கையுறையைக்கூடக் கழற்றவில்லை.
"சாமி, என்னைக் கூப்பிட்டாங்க."

யார்?
தோளைக் குலுக்கினாள்.
"முதல்ல மேஸ்திரின்னு நெனச்சேன்."

நான் குருப்பட்டம் பெற்று முப்பத்தோரு வருடம்.
தேவ அழைத்தல் பற்றி
ஆயர் இல்லத்தில் ஆண்டுதோறும் உரையாற்றுகிறவன்,
பன்னிரண்டு பக்கம், அடிக்குறிப்புகளோடு.
என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை;
அம்மாவின் நேர்ச்சை, மாமாவின் சிபாரிசு.

பேனாவைத் திறந்தேன்.
ஞானஸ்நானம்? தெரியாது.
திருமணம்? "ரெண்டு பேர். ஒண்ணும் கோயில்ல இல்ல."
கடைசியாகப் பூசைக்கு வந்தது?
"இங்க ஹீட்டர் வெடிச்ச வருஷம்."
சரி, என்ன சொன்னார்?

"பஸ் ஸ்டாப்புல, விடியக்காலம் நாலு மணி, ஈ காக்கா இல்ல.
பெஞ்சு நடுவுல உட்கார்ந்திருந்தேன்.
எதுவிஹிஸ், கொஞ்சம் நகர்ந்து உட்கார்.
அவ்வளவுதான்."

நகர்ந்தாயா?
"பின்ன?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
சோர்வு, இரவுப்பணி என்று
ஆயர் இல்லத்திலிருந்து பதில் வந்தது.
அடியெடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

அவள் நகர்ந்தபடியே இருக்கிறாள்.
பஸ்ஸில், ஆலைச் சாப்பாட்டு மேசையில்,
கட்டிலிலும் என்று ஊர் சிரிக்கிறது.
அந்த ஒரு முழ இடத்தில்
கப்பலைத் தவறவிட்ட மாலுமி வந்து உட்கார்கிறான்.
பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஓர்த்தென்சியா.
மேஸ்திரிகூட ஒருநாள்.
பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.
இவள் புத்திமதி எதுவும் சொல்வதில்லை,
நகக்கண்ணில் ஏறிய ஓட்டுச் சில்லை
நோண்டிக்கொண்டிருப்பாள்.

என் பாவசங்கீர்த்தனக் கூண்டில்
சனிக்கிழமைதோறும் ஒரு சிலந்தி.

ஜூலை. கடுங்குளிர். தூக்கம் பிடிக்காமல்
நாலு மணிக்கு இறங்கி நடந்தேன்,
செபமாலையை எடுக்க மறந்து.
தெருவிளக்கின் கீழே அவள்.
என்னைப் பார்த்தாளோ இல்லையோ,
நகர்ந்தாள்.

பெஞ்சு ஈரம்.
அங்கியில் நண்டு வாடை ஏறியது.
எனக்காகத்தானா என்று கேட்க வாய் வரை வந்தது.
கேட்கவில்லை.
பஸ்ஸின் வெளிச்சம் பனிக்குள் கரைந்து வரும்போது
என் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன்.
ஒருவருமில்லை.
இருந்தாலும்
கொஞ்சம் ஒடுங்கிக்கொண்டேன்.