பதினொரு சுற்று

மண்டபம் ஷெட்டில்
ஆறாம் நம்பர் மேசை
எனக்கும் ஜுலைகாவுக்கும்.
அவளுக்குப் பகல், எனக்கு இரவு.
அவள் வேன் போன பிறகுதான் என் வேன் வரும்.
முகம் பார்த்ததில்லை.

வந்ததும் பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றுவேன்,
பதினொரு சுற்று.
மேசை என் இடுப்புக்கு ஏறும்.
அவ்வளவு குட்டை அவள்.
ஸ்க்ரூடிரைவர் இடப்பக்கம் தொங்கும்.
நட்டுத் தட்டில் புளிப்பு மிட்டாய்த் தாள்.

சக்கரத்து பிரேக்கை மிதித்துப் பூட்டாவிட்டால்
கச்சான் காற்றுக்கு
போட்டு இன்ஜின் பம்புகளோடு மேசை கிளம்பிவிடும்,
கடல் பார்த்த கதவுக்கு.
உப்பேறிய முன்சக்கரம் கீச்சிடும்.
அவளும் எண்ணெய் விடுகிறாள், நானும் விடுகிறேன்.

ஆடியில் ஸ்டூல் ஒரு சாண் பின்னே போயிருந்தது.
ஆவணியில் இன்னொரு சாண்.
தட்டுகளெல்லாம் விளிம்புக்கு வந்திருந்தன.
பிரேக்கை மிதிக்காமல்
சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்திருந்தாள்.
யாரிடமும் நான் கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள்
மேசை நான் விட்ட உயரத்திலேயே நின்றது.
கைப்பிடியைப் பிடித்தேன், சுற்ற ஒன்றுமில்லை.
"பகலுக்கு ஆளில்லை, அப்படியே கிடக்கட்டும்"
என்றார் சூப்பர்வைசர் பிரித்தோ.

விடியலில் பாம்பன் ரயில் தரையை உலுக்கிப் போனது.
தட்டைத் துடைத்து,
ஸ்க்ரூடிரைவரை இடப்பக்கம் மாட்டி,
எதிர்ப்பக்கமாகச் சுற்றினேன்.
ஒன்பது. பத்து.
பதினொன்றில் கொஞ்சம் இறுகும், எப்போதும்.