பதினோரு மணித் தண்ணீர்

கூட்டம் காளவாசலில், ஏசி ஹாலில்.
எண்பத்தாறில் முடித்த இயற்பியல் வகுப்பு,
வந்தது முப்பத்தொரு பேர்.
முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதவர்களைக்
குரலை வைத்துக் கண்டுபிடித்தோம்.

ஜெயவீரன் திரையில் படம் காட்டினான்:
நாகமலை பின்னால் நீண்டு கிடக்க
கல்லூரி வாசலில் ஒரு வளைவு.
கருங்கல். இரண்டு தூண்.
தூணில் நம் எல்லோர் பெயரும் தங்க எழுத்தில்.
பன்னிரண்டு லட்சம் ஆகும்.
துபாயிலிருந்து ஒருவன் செல்போனுக்குள் கைதட்டினான்.

ரஹ்மத்துன்னிசா எழுந்தாள்.
மூன்று வருஷமும் வகுப்பில் எழுந்து
'உள்ளேன் ஐயா' தவிர எதுவும் சொல்லாதவள்.

"வளைவெல்லாம் இருக்கட்டும்.
நாங்க ஒம்பது பேரு
மூணு வருஷம் தண்ணி குடிக்கல.
தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. எப்படித் தெரியும்.
ஏழு பத்துக்குப் பெரியார் நிலையத்தில் பஸ் ஏறினால்
வீடு திரும்ப ஐந்தரை.
நடுவில் அத்தனை ஏக்கரில்
எங்களுக்கென்று தாழ்ப்பாள் போட்ட கதவு ஒன்று இல்லை.
பையன்களுக்கும் இல்லைதான்,
அவர்களுக்கு மலை இருந்தது.
சகுந்தலாபாய் புளியோதரை கொண்டுவந்தால் திட்டுவோம்,
தாகம் எடுக்கும் என்று.
ஊறுகாய்க்குத் தடை.
ஸ்பெக்ட்ரோமீட்டர் முன்னால் தனபாக்கியம்
மயங்கி விழுந்த அன்று
"சாப்பிடாம வந்திருக்கும்" என்றார் லேப் அட்டெண்டர்.
ஆமாம் சார் என்றோம் நாங்களும்.

பேச்சியம்மாள் இரண்டாம் வருஷத்தோடு நின்றாள்.
கல்யாணம் என்று எழுதிக் கொடுத்தார் அப்பா.
கல்யாணம் நடந்தது
அதற்கு நாலு வருஷம் கழித்து.

ஏசி இரைந்துகொண்டிருந்தது.
சோணைமுத்துதான் மெல்லக் கேட்டான்
(இப்போது தெப்பக்குளத்துப் பக்கம் பைப் கடை):
"அதனாலதானா...
கடைசி நாள் நான் வாங்கிட்டு வந்த சோடா
ஒம்பதும் ஒடைக்காம அப்படியே இருந்துச்சு?
திமிரு புடிச்சதுகன்னு
ஹாஸ்டல் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேனே."

அவன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
நாற்காலிக்கு அடியில் வைத்தான்.

வளைவு உடனே விழவில்லை.
"கக்கூஸ்ல போயி பேரு போடுவாய்ங்களா?" என்று
ஜெயவீரன் மூன்று மாதம் பேசவில்லை.
பிறகு ஐம்பதாயிரம் போட்டான், பேசாமலே.

கணக்கு என்னிடம்.
முப்பது வருஷம் வங்கியில் பிறர் பணம் எண்ணிய கை.
துபாய்க்காரன் லட்சமும்
குளோரி பென்ஷனிலிருந்து அனுப்பிய இருநூறும்
நோட்டில் ஒரே ஒரு வரிதான் எடுத்துக்கொண்டன.

செக்கானூரணியில் பேச்சியம்மாளைக் கண்டுபிடித்தோம்.
முந்தி முடிச்சிலிருந்து நூற்றியொரு ரூபாய் எடுத்தாள்.
"நான் முடிக்கலையே.
சேத்துக்குவீங்களா?"
ரசீது எழுதினேன்.
படித்த ஆண்டு என்ற கட்டத்தில்
83–86 என்று போட்டேன்.
தணிக்கையில் யாராவது கேட்கட்டும்.

திறப்பு விழாவுக்கு
அழைத்த பெரிய மனிதர் எவருக்கும் தேதி ஒத்துவரவில்லை.
சோணைமுத்து குழாயைத் திறந்தான்,
வாஷர் சரியில்லை என்று உடனே கழற்றினான்.
அரைமணி நேரம் நின்றது விழா.
லட்டு மட்டும் தீர்ந்தது.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை,
மோட்டார் பில் கட்டப் போயிருந்தேன்.
பதினோரு மணி இடைவேளை.
வராந்தாவில் ஒருத்தி
பாட்டிலை அண்ணாந்து தூக்கிப் பிடித்துக்
குடித்துக்கொண்டிருந்தாள்,
அவசரமில்லாமல், அளவு பார்க்காமல்.
தொண்டை ஏறி இறங்குவதைப்
பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன் போல.

பாட்டிலை இறக்கினாள்.
"யாரைப் பாக்கணும் ஆன்ட்டி?"

"யாரையும் இல்லம்மா.
நீ குடி."