ஒன்றரைப் பைசா

கோயமுத்தூர், ஹாம்பர்க் என்று தட்டினால்
ஏழாயிரத்து ஐநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் என்கிறது.
ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாம்,
இடையில் எங்கும் இறங்காத ஒரு விமானம்
இருந்தால்.
இல்லை.

திரையில் அந்தக் கோடு நேராகவும் இல்லை.
வடக்கே உப்பி, காஸ்பியன் கடலை உரசி வளைகிறது.
குழந்தைத் தொப்பிக்கு வெட்டுகையில்
பேப்பரில் வளைந்து கிடக்கும் ஓரம்
தலையில் ஏறியதும் நேராகிவிடும்.
அதே கணக்குத்தான் என்று பிடிபட்டபோது
மாலை மணி நாலு,
கப்பல் போய் ஒன்பது நாள்.

தப்பில் எனக்கும் பங்கு உண்டு.
நீலத்தில் ஒரு பொட்டுப் பச்சை தூக்கல் என்றார்கள்,
திருப்பூரில் யார் கண்ணுக்கும் தெரியாத பச்சை.
மறுபடி சாயம் முக்கி,
மறுபடி கூரியரில் துண்டுத்துணி அனுப்பி,
"சரி" என்ற ஒற்றை வார்த்தைக்குக் காத்திருந்ததில்
தூத்துக்குடியில் கன்டெய்னர் கதவு சாத்திவிட்டது.

"ஏர்ல போட்டுருங்க" என்றார் முதலாளி,
கடன் கொடுக்கிறவர் குரலில்.

ஒரு பைஜாமாவுக்கு லாபம் முப்பத்தெட்டு ரூபாய்.
அதைப் பறக்கவைக்க நூற்றுப் பன்னிரண்டு.
வகுத்துப் பார்த்தேன்:
கிலோமீட்டருக்கு ஒன்றரைப் பைசா.
புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பிலிருந்து என் வீட்டுக்கு
ஆட்டோ எண்பது கேட்கிறது,
மல்லுக்கட்டினால் எழுபது.

மசக்காளியண்ணன் வண்டி ஏழு மணிக்குக் கிளம்பியது.
கார்கோ கேட் பத்தரைக்கு மூடும்.
நாற்பத்தைந்து கிலோமீட்டர்.
எட்டேகாலுக்கு அவிநாசி.
ஒன்பதுக்குக் கருமத்தம்பட்டி; கல்யாண ஊர்வலம், செண்டை மேளம்.
அப்புறம் போனை எடுக்கவில்லை.
ஒற்றை டிக்கை முறைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.
காஸ்பியன் கடல் பக்கத்தில் இருந்தது.
நீலாம்பூர்தான் தொலைவு.

பத்து இருபத்தாறுக்கு யாருடைய போனிலிருந்தோ:
"எறக்கியாச்சுங் அம்மிணி.
லாரி ஒண்ணு கவுந்து கெடந்துச்சுங்.
போன்ல சார்ஜும் போச்சு."

ஷார்ஜாவில் பெட்டிகள் பதினாலு மணி நேரம் கிடந்தன.
அப்புறம் எங்கோ ஒரு ராத்திரி,
பெயர் வாயில் நுழையாத ஊரில்.
நாலாம் நாள் உல்ரிக்கேயின் மெயில்:
வந்து சேர்ந்தது, நன்றி.
இந்த வருஷம் இங்கே இன்னும் குளிரே தொடங்கவில்லை.
கடைகளுக்கு அவசரமில்லை,
கிடங்கில் வைத்திருக்கிறோம்.
கடைசியில் ஒரு சிரிக்கிற முகம்.

முதலாளிக்கு அதை நான் இன்னும் காட்டவில்லை.

மேஜையில் ஒரு சாம்பிள் மிச்சமிருக்கிறது.
கழுத்து லேபிளில் 98.
அங்கே சைஸ் என்பது வயதல்ல, உயரம்.
இஞ்ச் டேப்பை எடுத்துச் சுவரோரம் பிடித்துப் பார்த்தேன்.
தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர்,
ஸ்விட்ச் போர்டுக்குக் கொஞ்சம் கீழே
ஒரு தலை.

மசக்காளியண்ணன் பில்லை வைத்துவிட்டு நின்றார்.
டீசல். பார்க்கிங். டீ இரண்டு.
சார்ஜர் ஒன்று, நூற்றைம்பது.
"இது கம்பெனிக் கணக்குல வருங்களா?"
வரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.