சும்மா எடுத்தவை

பழைய சோனகத் தெருவில்
ஆணியும் கதவுப் பிணைச்சலும் மொத்தமாய் விற்கிற கடையில்
கணக்கெழுதுகிறேன்.
பன்னிரண்டரைக்குப் பேனையை மூடினால்
நாற்பது நிமிடம் என்னுடையது.
சோற்றுப் பார்சலுக்குப் பத்து.
மீதி முப்பதை
கால் போன பக்கம் விடுவேன்.

கமெரா பழையது, மூன்றாம் கை.
எடுத்ததை உடனே பார்க்கிற ஆசை பொல்லாதது என்று
பின்திரையைக் கறுப்பு டேப்பால் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இதைத்தான் எடுப்பேன் என்று கிளம்பிய நாட்களில்
ஒன்றும் அகப்பட்டதில்லை.
தெருவுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது,
சட்டையை இழுத்துச் சரிசெய்துகொள்கிறது.

இன்றைக்குக் காலையில் மழை,
பிறகு கோபித்துக்கொண்டு திரும்பி வந்த வெயில்.
ஐந்துலாம்புச் சந்தியில்
தோளில் சாக்கு, சாக்கின் மேல் ஐஸ் கட்டி,
விறுவிறென்று ஒருவர்.
அவர் முதுகில் ஓடிய தண்ணீர்
நிழலின் முதுகிலும் ஓடியது.
அழுத்தி முடிந்த பிறகுதான்
ஓ, நிழல் என்று எனக்குப் பட்டது.

விரலுக்கு முதலில் தெரியும்.
பிறகு கண்ணுக்கு.
எனக்குக் கடைசியில்,
சில நாள் வீட்டுக்குப் போய் உலை வைத்த பிறகு.

கெய்சர் வீதியில் ஓர் ஓட்டோ.
துணிக்கடைப் பொம்மைகள் ஆறு
தலையில்லாமல் நெருக்கியடித்து உள்ளே;
எல்லாருக்குமாக ஒரே தலை, சாரதியுடையது.
கிளிக்.

சிவப்பும் வெள்ளையுமான பள்ளிவாசலுக்குக் கீழே
சிவப்பும் வெள்ளையுமாய்ச் சட்டை போட்ட பையன்.
எடுக்கவில்லை.
அது தானே வந்து நிற்கிற படம்,
வேறு யாராவது எடுக்கட்டும்.

லொத்தர் விற்கிற பெண் கொட்டாவி விட்டாள்.
சீட்டு வாங்கியவருக்கு அது தொற்றியது,
அவரிடமிருந்து எனக்கு.
இரண்டாவது கொட்டாவியில் அழுத்தினேன்.
மூன்றாவதில் கண்ணை மூடியிருந்தேன்,
அந்தப் பொழுதில்தான்
பஸ் யன்னலில் மூக்கை நசுக்கிக்கொண்டு ஒரு குழந்தை
கடந்து போயிருக்கிறது.
பஸ்சின் முதுகை எடுத்தேன், சமாதானத்துக்கு.

பிரதான வீதி வங்கி வாசலில்
"மிஸ்! மிஸ்!"
காவலாளி. நெஞ்சுப் பட்டியில் ரண்பண்டா.
"மொனவத கத்தே?"

என்ன எடுத்தாய் என்றுதான் கேட்டார்.
என் கை கமெராவை விட்டுவிட்டு
பைக்குள் அடையாள அட்டையைத் தேடியது.
விரலுக்கும் முந்தி
உடம்புக்குத் தெரிந்த ஒன்று அது.
அவர் அட்டையைக் கேட்கவில்லை. படத்தைக் கேட்டார்.

டேப்பை உரித்தேன்.
திரையில் ஒரு வரி, மின்னி மின்னி:
கார்ட் இல்லை.

நேற்றிரவு கணினியில் செருகியது
அங்கேயே கிடக்கிறது.
ஐஸ்காரர், ஆறு உடம்புகள், கொட்டாவி,
பஸ்சின் முதுகுகூட
எங்கேயும் இல்லை.

"அப்படியென்றால் இவ்வளவு நேரமும்?"
"நிக்கங்," என்றேன்.
சும்மா என்பதற்கு
என் சிங்களத்தில் இருந்த ஒரே சொல்.

சிரித்தார். கீழ்வரிசையில் இரண்டு பல் இல்லை.
வீதியை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு
என்னையும் ஒன்று எடு என்றார்.
கார்ட் இல்லை என்று சற்றுமுன் கண்டவர்தான்.
தொப்பியைத் திருத்தி,
நெஞ்சை நிமிர்த்தி,
கடவுச்சீட்டுப் படத்துக்குப் போல உறைந்து நின்றார்.

விரல் அசையவில்லை.
நானும் அவசரப்படுத்தவில்லை.

கூரைத் தகரத்தில் தேங்கியிருந்த மழை
ஒரு சொட்டு
அவர் பிடரிக்குள் இறங்கியது.
ஒரு தோள் காதுவரை ஏறி,
ஒரு கண் சுருங்கி,
வாய் 'ஆ'வென்று.
கிளிக்.

இரண்டு நிமிடம் பிந்திவிட்டேன்.
ஹாஜியார் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.
மூன்றங்குலப் பிணைச்சல், நாற்பது டசின்,
எழுதிக்கொண்டிருக்கையில்
சுட்டுவிரல் பேனைமேல் தானாக ஒருமுறை அழுந்தியது.

நிமிர்ந்தேன்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
தேத்தண்ணிக்குள் விழுந்த எறும்பை
சாவியின் நுனியால்
கரைசேர்த்துக்கொண்டிருந்தார் ஹாஜியார்.